வல்லூறு வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையுறை அணிந்த ஒருவரின் கையில், தலையில் தோல் குல்லாவோடு அசையாமல் நிற்கும் பறவையைப் படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை ஓரிடத்தில் திரட்டியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

வல்லூறு வேட்டை என்பது சரியாக எது?

பழக்கிய வேட்டைப் பறவையைக் கொண்டு, தன் போக்கில் திரியும் காட்டு இரையை அது வாழும் இடத்திலேயே பிடிப்பது. கண்காட்சியில் பறவையைப் பறக்கவிட்டுக் காட்டுவது, சுற்றுலாப் பயணியின் கையில் ஏற்றிப் படம் எடுப்பது, அழகுக்காக முற்றத்தில் கட்டி வைப்பது எல்லாம் இதில் சேரா. கடைசியாகச் சொன்னதைச் செய்பவர்களை இந்தக் கலையில் ஊறியவர்கள் மதிப்பதே இல்லை.

வேட்டையில் மனிதனுக்கு உள்ள பங்கு சிறியது. புதரைத் தட்டி இரையைக் கிளப்பி விடுகிறான். பறவை பிடித்த பிறகு மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சேர்கிறான். நடுவில் நடப்பதெல்லாம் பறவையின் வேலை. துரத்தவும் பிடிக்கவும் அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மனிதன் அருகில் இருந்தாலும் பயமில்லை, இவனோடு போனால் இரை கிளம்பும் என்ற இரண்டையும்தான் அது புதிதாகக் கற்கிறது.

அவிழ்த்துவிட்ட பறவை ஏன் பறந்து போய்விடுவதில்லை?

போகலாம். சில நாள் போயும் விடுகிறது. இந்தக் கலையின் உயிர்நாடியே அந்த வாய்ப்புதான்.

பறவையைத் திரும்பி வரச் செய்வது பசி. பசி என்றதும் பட்டினி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு ‘பறக்கும் எடை’ உண்டு. அந்த எடையில்தான் அது வலுவாகவும் இருக்கும், இரையில் நாட்டத்தோடும் இருக்கும். பைரி என்பது வேகத்துக்குப் பெயர்போன ஒரு வல்லூறு. ஒரு பெண் பைரி 900 கிராமில் நன்றாகப் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பறவை வயிறு நிறைந்து 950 கிராமுக்கு ஏறிவிட்டால் மரக்கிளையில் உட்கார்ந்து சாவகாசமாக இறகு கோதிக்கொண்டிருக்கும். கீழே நிற்பவர் தொண்டை வற்றக் கத்த வேண்டியதுதான். மிகவும் இறங்கிவிட்டாலோ தசை கரையத் தொடங்கிவிடும். பிறகு வேட்டையும் இல்லை, சில நாளில் பறவையும் இல்லை.

ஆகவே பொறுப்புள்ள வளர்ப்பாளரின் நாள் தராசில் தொடங்குகிறது. தட்டுக்குப் பதிலாகச் சிறு தாங்கி பொருத்திய தராசில் பறவையை ஏற்றி, எண் நிலைக்கும் வரை காத்திருந்து, கிராம் கணக்கில் குறிப்பேட்டில் எழுதுவார். பக்கத்திலேயே நேற்றுத் தின்ற அளவு, வெயிலா குளிரா, எப்படிப் பறந்தது என்பதும் இருக்கும். பிறகு விரலால் மார்பெலும்பைத் தடவிப் பார்ப்பார். எலும்பின் இருபுறமும் சதை திரண்டிருக்கிறதா, விளிம்பு கூர்மையாகத் தட்டுப்படுகிறதா என்பதை விரல் சொல்லிவிடும். குளிர் நாளில் உடம்பு அதிகம் எரிக்கும் என்பதால் அன்றைக்குத் தீனி கூடும். பறவை சிறியதாக இருந்தால் கணக்கு இன்னும் நெருக்கடியானது. மெர்லின், கெஸ்ட்ரல் போன்ற சிறு வல்லூறுகளுக்குச் சில கிராம் தவறினாலே உயிருக்கு ஆபத்து. ‘சின்னப் பறவைதானே, முதலில் இதை வளர்த்துப் பழகலாம்’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்தப் பறவைகளை வைத்து வேட்டையாடுகிறார்கள்?

மூன்று வகை என்று பிரிக்கலாம்.

முதல் வகை, நீண்டு கூரான சிறகுகள் கொண்ட வல்லூறுகள்: பைரி, சேக்கர், வடதுருவப் பகுதியிலிருந்து வரும் ஜிர் வல்லூறு. இவை திறந்த வெளிக்கானவை. வேகத்தால் இரையை வெல்பவை. இவற்றின் மேலலகின் விளிம்பில் பல் போன்ற ஒரு முனை உண்டு. காலால் அடித்து அல்லது பற்றி வீழ்த்திய இரையின் கழுத்தை அந்த முனையால் கடித்து முறிக்கும்.

இரண்டாவது, குட்டையான சிறகும் நீண்ட வாலும் கொண்டவை. காஸ்ஹாக் இவற்றில் பெயர்பெற்றது. மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து துரத்தும். அலகை நம்பாது, பிடியின் இறுக்கத்தாலேயே கொல்லும். கையில் நிற்கும்போது எதற்கெடுத்தாலும் மிரளும் குணம் இதற்கு. தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது என்று பல நாடுகளில் சொல்லப்படும் ஹாரிஸ் பருந்து இதற்கு நேர்மாறு. அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலங்களில் கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடும் பறவை அது. தனியே வாழப் பிறந்த மற்ற வேட்டைப் பறவைகளுக்கு இல்லாத ஓர் ஒட்டுறவு அதனிடம் இருக்கிறது.

மூன்றாவது கழுகுகள். இவற்றில் முக்கியமானது பொன்னிறக் கழுகு.

பெரும்பாலான வேட்டைப் பறவைகளில் பெண்ணே பெரியது. பைரியில் ஆண், பெண்ணைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறியதாக இருக்கும்.

பழக்குவது எப்படி?

முதல் வேலை, பறவையைக் கையில் நிற்கப் பழக்குவது. அடைத்த அறையில், மங்கிய வெளிச்சத்தில், கையுறை மீது பறவையும் விரலிடுக்கில் ஒரு துண்டு இறைச்சியுமாக மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். பறவை மிரண்டு கையிலிருந்து பாயும். காலில் கட்டிய தோல்வார் இழுக்க, தலைகீழாகத் தொங்கும். மெல்ல எடுத்து மறுபடி நிறுத்த வேண்டும். மறுபடி பாயும். நேராக அதன் கண்ணைப் பார்க்கக் கூடாது. தன்னை உற்றுப் பார்ப்பது எதுவாக இருந்தாலும் பறவைக்கு அது எதிரி. கடைசியில் ஒரு கணம் தலையைத் தாழ்த்தி இறைச்சியைக் கொத்தும். எதிரே ஆள் இருக்கும்போது தலையைக் குனிவது அதற்குப் பெரிய துணிச்சல். அந்த முதல் கொத்தலுக்குப் பிறகுதான் பழக்கம் தொடங்குகிறது என்பார்கள்.

அடுத்து, தாங்கியிலிருந்து கைக்கு ஒரு சிறு தாவல். பிறகு நீண்ட மெல்லிய கயிறு கட்டி ஐந்து மீட்டர், பத்து மீட்டர், ஐம்பது மீட்டர். வல்லூறுகளுக்கு இதோடு இரைப்பொம்மையும் பழக்க வேண்டும். தோலில் இறகு கோத்து, மேலே இறைச்சி கட்டி, கயிற்றில் சுழற்றும் பொருள் அது. தொலைவில் இருக்கும் பறவையைத் திரும்ப அழைக்கும் வழி இதுதான். இவையெல்லாம் ஒழுங்காக நடந்தால் சில வாரங்களில் கயிற்றைக் கழற்றிவிடலாம். கழற்றும் நாளில் கை நடுங்காதவர் குறைவு.

தண்டனைக்கு இங்கே இடமே இல்லை. நாயை அதட்டலாம், குதிரையைத் தட்டலாம். வேட்டைப் பறவையை ஒருமுறை முரட்டுத்தனமாக நடத்தினால், அது அந்த ஆளையும் அச்சத்தையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு கூப்பிட்டால் வராது. பறவையை நாள் கணக்கில் தூங்கவிடாமல் சோர்வடையச் செய்து வசப்படுத்தும் பழைய முறை ஒன்று இருந்தது. அதை இன்று நல்ல வளர்ப்பாளர் யாரும் கையாள்வதில்லை; தேவையும் இல்லை.

குல்லா போட்டுக் கண்ணை மறைப்பது கொடுமை இல்லையா?

பறவைக்கு உலகம் என்பதே கண்ணால் காண்பது. காணாதபோது அது மிரள்வதில்லை, அமைதியாக நிற்கிறது. பயணத்திலும் கூட்டத்திலும் குல்லா அதற்கு நன்மையே செய்கிறது. குல்லா அளவெடுத்துத் தைத்ததாக இருக்க வேண்டும். கண்ணில் உரசினால்தான் அது கொடுமை. பின்புற வார்களில் ஒன்றைக் கையாலும் மற்றொன்றைப் பல்லாலும் இழுத்து இறுக்குவார்கள், மறு கையில் பறவை நிற்பதால்.

வளர்ப்பவர் மீது பறவைக்கு அன்பு இருக்குமா?

இருக்காது. இதைக் கேட்டு முகம் வாடுபவர்கள் நாய் வளர்ப்பது நல்லது.

மனிதன் கையிலேயே குஞ்சிலிருந்து வளர்ந்த பறவை மட்டும் விதிவிலக்கு. அது மனிதனைத் தன் இனமாகவே எண்ணிவிடும். அதுவும் நாம் சொல்லும் அன்பு அன்று. தீனிக்காக ஓயாமல் கத்துவதும், வளர்ந்த பின் ஆளைத் தாக்குவதும், துணையாகக் கருதிக் காதல் செய்வதும் அதன் குணங்கள். கடைசிக் குணத்தை இனப்பெருக்கம் செய்பவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். குழிகள் கொண்ட ஒரு விசேஷத் தொப்பியைத் தலையில் வைத்து அவர்கள் நின்றால், ஆண் வல்லூறு அதன்மேல் இணைசேர முயலும். அங்கே சேரும் விந்தை எடுத்துச் செயற்கைக் கருவூட்டல் செய்வார்கள். பார்க்கச் சிரிப்பு வரும் இந்த உத்தி, அழிவின் விளிம்பில் இருந்த பைரியைப் பெருக்கவும் கைகொடுத்தது.

பைரி பாயும்போது என்ன நடக்கிறது?

கையிலிருந்து கிளம்பிய பைரி வட்டமிட்டு மேலே ஏறும். நூறு மீட்டர், இருநூறு மீட்டர், இன்னும் மேலே. அங்கே தன் ஆளின் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு காத்திருக்கும். கீழே வேட்டை நாய் ஒன்று புல்லுக்குள் பதுங்கிய பறவையை மோப்பம் பிடித்துச் சிலைபோல் நின்று காட்டும். பைரி சரியான கோணத்துக்கு வந்ததும் ஆள் ஓடிப் போய் இரையைக் கிளப்புவார். மேலே ஒரு சிறு திருப்பம், சிறகுகள் உடம்போடு ஒடுங்கும், பிறகு வீழ்ச்சி. இந்தப் பாய்ச்சலில் பைரி மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். விலங்குலகில் இதைவிட வேகமானது வேறில்லை. மூன்றாவது இமை கண்ணைக் காக்கிறது. மூக்குத் துளைக்குள் இருக்கும் சிறு முளை, சீறி நுழையும் காற்றின் வேகத்தைத் தணிப்பதாகக் கருதப்படுகிறது. அருகில் நிற்பவர்களுக்கு முதலில் கேட்பது காற்றைக் கிழிக்கும் ஓசை. கால்மணியின் கிணுகிணுப்பும் அதனோடு சேர்ந்து ஊளைபோல் ஒலிக்கும்.

பெரும்பாலும் இரை தப்பிவிடும். கடைசி நொடியில் ஒரு நெளிவு போதும். துப்பாக்கியோடு ஒப்பிட்டால் இது படுமோசமான வேட்டைக் கருவி. பை நிறைய வேண்டும் என்று நினைப்பவர் யாரும் இதில் நிலைப்பதில்லை.

அப்படியானால் ஏன் இத்தனை நூற்றாண்டுகளாக இந்த மோகம்?

என் எண்ணம் இது. மனிதன் பழக்கிய மற்ற விலங்குகள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக மாறி, நம்மைச் சார்ந்தே வாழும்படி ஆகிவிட்டன. வல்லூறு மாறவில்லை. காட்டிலிருந்து வந்ததோ கூண்டில் பிறந்ததோ, அவிழ்த்துவிட்டால் அது காட்டுப் பறவைதான். உயரே நிற்கும் அந்தப் பறவைக்குக் கீழே நிற்பவரிடம் எந்தக் கட்டாயமும் இல்லை. திரும்பி வருவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நாளும் அதுவே தீர்மானிக்கிறது. அதிகாரத்தில் இருந்தவர்களை இது இவ்வளவு ஈர்த்ததில் வியப்பில்லை. அவர்களுடைய ஆணைக்குக் கட்டுப்படாத ஒன்று அவர்கள் கையிலேயே உட்கார்ந்திருந்தது.

புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் (1194–1250) இதற்கு நல்ல உதாரணம். பறவைகளைக் கொண்டு வேட்டையாடுவதைப் பற்றி விரிவான நூல் எழுதிய அவர், அரபு வல்லுநர்களின் நூலைத் தம் அவையில் மொழிபெயர்க்கச் செய்தார். குல்லா அணிவிக்கும் வழக்கத்தையும் அவர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார். கேள்விப்பட்டதை நம்பாமல் சோதித்துப் பார்ப்பது அவர் வழக்கம். பிணந்தின்னிக் கழுகு இரையை மோப்பத்தால் அறிகிறதா, கண்ணாலா என்று தெரிந்துகொள்ள அதன் கண்களை மூடித் தைத்துச் சோதித்தார். கொடூரம்தான், ஆனாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஓர் அரசர் இப்படி யோசித்ததே அரிது. 1248-இல் பார்மா முற்றுகையில் தோற்றபோது நூலின் அழகான பிரதி ஒன்று எதிரிகளிடம் பறிபோனது. பின்னர் அவர் மகன் மான்ஃப்ரெட் நூலைத் திரட்டிச் சீர்செய்தார்.

இது அரசர்களின் பொழுதுபோக்கு மட்டும்தானா?

இல்லை. பாலைவனத்து அரபு நாடோடிகளான பெதூயின்களுக்கு இது அடுப்பெரிய உதவிய தொழில். இலையுதிர் காலத்தில் வலசை வரும் வல்லூறுகளைப் பொறிவைத்துப் பிடித்து, சில வாரங்களில் பழக்கி, குளிர்காலம் முழுதும் ஹுபாரா என்ற கானமயில் இனப் பறவையையும் முயலையும் வேட்டையாடி, வெயில் ஏறும் முன் வல்லூற்றை விட்டுவிடுவார்கள். கோடையில் பாலையில் அதை வைத்துத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாது. அடுத்த ஆண்டு வேறொன்று வரும்.

மேற்கு மங்கோலியாவின் பயான் உல்கி பகுதியில் வாழும் கஜாக் மக்கள் பொன்னிறக் கழுகோடு நரி வேட்டைக்குப் போகிறார்கள். பனிக்காலத்தில் நரித்தோல் அவர்களுக்கு உடுப்பு. பெரிய பெண் கழுகு ஆறு கிலோ வரை கூட இருக்கும். குதிரைமேல் அமர்ந்து அவ்வளவு எடையைக் கையில் தாங்க முடியாதல்லவா? ஆகவே சேணத்தில் ஊன்றிய கவைக்கோல் ஒன்றில் முழங்கையைச் சார்த்திக்கொள்வார்கள். சில ஆண்டுகள் வேட்டையாடிய பின் கழுகை மலையில் விட்டுவிடுவது அவர்கள் மரபு.

2010-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாடுகள் பிறகும் சேர்ந்துகொண்டே போய், 2021-இல் எண்ணிக்கை 24 ஆனது.

வளைகுடா நாடுகளில் இன்று எப்படி?

பணம் புகுந்திருக்கிறது. அபுதாபியில் 1999-இல் தொடங்கிய வல்லூறு மருத்துவமனையில் குல்லா அணிந்த பறவைகள் வரிசையாகத் தாங்கிகளில் அமர்ந்து மருத்துவருக்குக் காத்திருக்கும். எல்லை தாண்டும் வல்லூறுகளுக்குக் கடவுச்சீட்டு உண்டு. கடத்தலைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. 400 மீட்டர் ஓட்டப் போட்டிகளில் பரிசுப் பணம் கொட்டுகிறது. பந்தயத்துக்கென்றே ஜிர் கலப்பினப் பறவைகளை வளர்க்கிறார்கள். அலைந்து திரிந்த வேட்டைக்காரனின் கலை இது என்று சொல்லிக்கொள்வது இங்கே கொஞ்சம் சிரமம்.

இயற்கைக்கு இதனால் கேடு இல்லையா?

இரண்டு பக்கமும் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. பூச்சிக்கொல்லி வயல்களில் கொட்டப்பட்டது. அதை உண்ட பூச்சியைத் தின்ற குருவியைத் தின்ற பைரியின் உடம்பில் நஞ்சு சேர்ந்து, முட்டை ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பைரி அடியோடு அற்றுப்போனது. 1970-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் தொடங்கிய பெரெக்ரின் ஃபண்ட் அமைப்பு, கூண்டில் பைரியை இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியது. அவரே வல்லூறு வேட்டைக்காரர்தான். பலர் தங்கள் சொந்தப் பறவைகளைக் கொடுத்தார்கள். குஞ்சுகளைக் குன்றிலும் கோபுரத்திலும் பெட்டியில் வைத்து, ஆள் தெரியாமல் தீனி போட்டு, தாமாகவே பறந்து வேட்டை கற்கும்வரை காப்பது வேட்டைக்காரர்களின் பழைய உத்தி. அதையே கையாண்டு ஆயிரக்கணக்கான பைரிகளை விட்டார்கள். 1972-இல் அந்நாட்டில் டி.டி.டி. தடை செய்யப்பட்டது, 1999-இல் பைரி அபாயப் பட்டியலிலிருந்து நீங்கியது. 1974-இல் காட்டில் நான்கே நான்கு எஞ்சியதாக அறியப்பட்ட மொரீஷியஸ் கெஸ்ட்ரலும் இதுபோன்ற முறைகளால் பிழைத்தது.

மறுபக்கம் சேக்கர் வல்லூறு. சந்தைக்காகச் சட்டவிரோதமாகப் பிடிப்பது அதன் வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க முடியாது. மின்கம்பங்களில் மின்சாரம் தாக்கிச் சாவது இன்னொரு காரணம். அபுதாபியின் நிதியில் மங்கோலியப் புல்வெளிகளில் 5,000 செயற்கைக் கூடுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன, நல்ல முயற்சி. ஹுபாராவின் கதை இன்னும் கசப்பானது. ஒரு காலத்தில் ஒட்டகத்தில் போய் ஒன்றிரண்டு பிடித்தார்கள். இப்போது நான்கு சக்கர வாகனங்களில் அணிவகுத்துப் போகிறார்கள். கூண்டில் வளர்த்த ஹுபாராக்களை ஆயிரக்கணக்கில் விட்டு ஈடுகட்டுவதாகச் சொல்கிறார்கள். வேட்டையின் அளவைக் குறைப்பதுதான் முதல் வேலை என்பது என் கருத்து.

நானும் ஒன்று வளர்க்கலாமா?

முதலில் உங்கள் நாட்டுச் சட்டம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வல்லூற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அக்பர் காலத்தில் அரண்மனையில் செழித்த கலை, பாவ்நகர் போன்ற சமஸ்தானங்களில் கடைசியாக ஒளிவிட்டு, அங்கே முடிந்துபோனது. பிரிட்டனில் பொதுவாகக் கூண்டில் பிறந்த பறவைகளையே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எழுத்துத் தேர்வில் 80 சதவீதம் எடுக்க வேண்டும். பறவைக்கான இடத்தை அதிகாரிகள் பார்வையிடுவார்கள். பிறகு மூத்தவர் ஒருவரின் கீழ் குறைந்தது இரண்டு ஆண்டு பயிற்சி. பார்க்கக் கடுமையாகத் தோன்றினாலும் பறவையின் பக்கம் நின்று யோசித்தால் இதுதான் சரி.

சட்டம் இடம் கொடுத்தாலும் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வேட்டைக் காலம் முழுதும் தினமும் சில மணி நேரம் தர முடியுமா? விடுமுறைக்கு வெளியூர் போக முடியாமல் இருக்கச் சம்மதமா? குளிர்பதனப் பெட்டியில் செத்த கோழிக்குஞ்சுகளை அடுக்கி வைக்க வீட்டார் ஒப்புவார்களா?

இறகு ஒடிந்தால் என்ன செய்வார்கள்?

ஒட்டுப்போடுவார்கள். பறவை ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்க்கும்; உதிர்ந்த ஒவ்வொன்றையும் எந்தச் சிறகின் எத்தனையாவது இறகு என்று குறித்துப் பத்திரப்படுத்துவது வழக்கம். ஒடிந்த இறகின் தண்டைச் சாய்வாக வெட்டி, அதே இடத்துப் பழைய இறகைப் பொருத்தமாக நறுக்கி, இரண்டின் நடுவே மெல்லிய மூங்கில் ஊசியைச் செருகிப் பசை தடவி இணைப்பார்கள். அடுத்து இறகு உதிரும்வரை அது தாங்கும். ஒட்டு தெரியாமல் செய்வது தனித் திறமை.

நோய்களில் அஞ்ச வேண்டியவை இரண்டு. ஒன்று, தாங்கி சரியில்லாவிட்டால் உள்ளங்காலில் வரும் வீக்கப்புண். மற்றது நுரையீரலில் வளரும் பூஞ்சை. குளிர்தேசத்து ஜிர் வல்லூறுக்கு அது சீக்கிரம் வரும். நோய்வாய்ப்பட்ட வேட்டைப் பறவை கடைசிவரை நோயை மறைக்கும். அது உங்களுக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அன்றாடம் எடை பார்ப்பது இதற்காகவும்தான்.

வேட்டையைத் தவிர வேறு பயன் உண்டா?

விமான நிலையங்களில் ஓடுபாதைப் பறவைகளை விரட்டவும், குப்பைக் கிடங்குகளிலிருந்து கடற்காகங்களை ஓட்டவும் அழைக்கிறார்கள். விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தில் புறாக்களை விரட்டிப் புகழ்பெற்றது ரூஃபஸ் என்ற ஹாரிஸ் பருந்து. 2012-இல் நிறுத்தியிருந்த காரிலிருந்து அதை யாரோ திருடிப் போனார்கள்; சில நாளில் அது மீட்கப்பட்டது.

பறவை தொலைந்தால் எப்படித் தேடுவது?

இப்போது கால் அல்லது முதுகில் பொருத்தும் சிறு ஜி.பி.எஸ். கருவி, பறவை இருக்கும் இடத்தைக் கைபேசியிலேயே காட்டிவிடுகிறது. அதற்கு முன் வானொலிக் கருவி. அதற்கும் முன் கால்மணியின் ஓசையும், மற்ற பறவைகள் மிரண்டு கத்தும் திசையும்தான் துப்பு. கருவி பழுதானால் இன்றும் பழைய வழிதான். கடைசியாகப் பார்த்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டால் பறவை எங்கும் போகாது, எங்காவது அடைந்துவிடும். விடியுமுன் அதே இடத்துக்கு வந்து, காற்று வீசும் போக்கில் நடந்து, உயரமான இடங்களில் நின்று இரைப்பொம்மையைச் சுழற்றுங்கள். முந்தைய நாள் வயிறு நிறையத் தின்றிருந்தால் அன்று வராது, மறுநாளும் போங்கள். கால்வளையத்தின் எண்ணை அக்கம்பக்கத்து வளர்ப்பாளர்களுக்கும் பறவை மருத்துவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.